கடைசி மாத்திரை எப்போது?

டாக்ஸியின் ஹார்ன் நிற்கவே இல்லை.

ஆம்புலன்ஸுக்கென்று மஞ்சள் கோடு போட்ட இடத்தில் குறுக்கே வந்து நின்று, எமர்ஜென்சி வாசலே அதிரும்படி அது அலறிக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி கையை ஆட்டியபடி ஓடினான். "மாஃபி பார்க்கிங்! மாஃபி பார்க்கிங்!"

பெஷாவர்க்கார டிரைவர் கண்ணாடியை இறக்கினான். ஆள் சாகக் கிடக்கிறான், நீ பார்க்கிங்கா பேசுகிறாய் என்று இந்தியில் ஒரு பிடி பிடித்தான். "ஸ்ட்ரெச்சர் லாவ் பாய், ஜல்தி, ஜல்தி!"

மணி மூன்று பத்து. டூட்டி முடிந்து, ஸ்டாஃப் பஸ்ஸுக்காகத் தூணின் நிழலில் ஒண்டிக்கொண்டு நின்றிருந்த குமுதினி எட்டிப் பார்த்தாள். ஷார்ஜாவின் ஜூன் மாத வெயிலில் தார் மினுங்கியது. டாக்ஸியின் முன் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கினாள். ஒரு காலில் தோல் செருப்பு, மற்றதில் பாத்ரூம் செருப்பு. பின் சீட்டில் ஒரு ஆள் குறுக்காகக் கிடந்தார். நீல நிறக் கட்டம் போட்ட சட்டை.

அந்தச் சட்டையைக் குமுதினிக்குத் தெரியும். காலையில் அவள்தான் அதன் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, இடுப்பில் மருந்து தடவித் துடைத்தாள்.

பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

ஓடிப் போய்க் கதவருகே குனிந்தாள். சிவசங்கரனின் முகம் வியர்த்து வெளுத்திருந்தது. அந்த வேதனையிலும் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"சிஸ்டர், முதுகு பிளக்குது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கால் ரெண்டும் வண்டியில ஏத்தியாச்சான்னு கொஞ்சம் பாருங்க. எனக்குத் தெரியலை."

குமுதினி இருபது வருஷ நர்ஸ். யாழ்ப்பாணத்தில் எட்டு, ஷார்ஜாவில் பன்னிரண்டு. முதுகில் ஊசி போட்டுக்கொண்டு போனவர் ஆறு மணி நேரத்தில் கால் தெரியவில்லை என்று திரும்பி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதைவிட மோசமான ஒன்றும் அவளுக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

*

காலை எட்டு மணி. இரண்டாம் மாடி, வலி நிவாரண கிளினிக்.

இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கிற நரம்பு வலிக்கு, முதுகெலும்பின் இடுக்கில் ஸ்டீராய்டு ஊசி. அரை மணி நேர வேலை. ஊசிக்கு முன் பேஷண்டிடம் இருபத்திரண்டு கேள்வி கேட்டு, கம்ப்யூட்டரில் ஆம், இல்லை என்று டிக் அடிக்க வேண்டியது குமுதினியின் பொறுப்பு.

சிவசங்கரன் திருச்சிக்காரர். ஐம்பத்து நான்கு வயது. பெரிய கட்டடக் கம்பெனி ஒன்றில் பிளானிங் இன்ஜினீயர். மனைவி வசந்தகுமாரி வெளியே பெண்கள் பகுதியில் உட்கார்ந்திருந்தாள். அவர் வந்ததிலிருந்தே வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் போடற ஷெட்யூல்ல ஒரு பில்டிங்காவது சொன்ன தேதிக்கு முடிஞ்சதில்லை சிஸ்டர். என் முதுகையாவது நேரத்துக்கு முடிச்சுக் குடுத்துடுங்க."

"அது டொக்டரின்ர கையிலை அண்ணை. நான் கேள்வி கேக்கிற ஆள் மட்டும்தான்."

"அட, யாழ்ப்பாணமா! அதான் பேச்சுல இவ்வளவு மரியாதை."

பதினான்காவது கேள்வி வரை வேடிக்கைதான். பதினைந்தாவது: ரத்தத்தை இளக வைக்கும் மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சிஸ்டர், இதை நான் உங்ககிட்ட சொல்றேன். கம்ப்யூட்டர்கிட்ட சொல்லலை."

மூன்று வருஷமாக அவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிற வியாதி. ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடாமலிருக்கத் தினம் காலையில் ஒரு மாத்திரை. வைத்தியம் திருச்சியில், மாத்திரையும் திருச்சியிலிருந்து. ஊருக்குப் போய்வருகிற யாருடைய பெட்டியிலாவது நாலு அட்டை வந்து சேர்ந்துவிடும். ஷார்ஜாவில் அதைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது. கம்பெனி வருஷா வருஷம் நீட்டுகிற இன்ஷூரன்ஸ் பாரத்தில் 'வியாதி எதுவும் இல்லை' என்றே எழுதி வந்திருக்கிறார்.

"ப்ராஜெக்ட் முடியப்போகுது. ரெண்டு லிஸ்ட் வந்தாச்சு, அறுபது பேரு வீட்டுக்குப் போயாச்சு. ஹார்ட் பேஷண்ட்னு சிஸ்டம்ல ஏறிச்சுன்னா மூணாவது லிஸ்ட்டுல முதல் பேரு என்னுதுதான். பொண்ணு தன்யா இங்க ப்ளஸ் டூ படிக்கிறா. இன்னும் எட்டு மாசம் ஓட்டிட்டேன்னா போதும்."

"அதுக்காக ஊசிக்கு முன்னம் மறைக்கேலாது அண்ணை. குளிசை எடுத்துக்கொண்டு இந்த ஊசி போட்டா உள்ளுக்கை ரத்தம் கசியும். தண்டுவடத்தை நெரிச்சுப்போடும்."

"எனக்குத் தெரியாதா? திருச்சி டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டேன். மூணு நாள் முன்னாடி நிறுத்துன்னார். ஞாயித்துக்கிழமை காலையில போட்டதுதான் கடைசி. இன்னிக்குப் புதன். கணக்கு சரியா?"

சரிதான். அந்த மருந்துக்கு மூன்று நாள் என்பது கிளினிக்கின் சொந்த விதியிலேயே இருக்கிறது.

"பிறகென்ன பயம்? நிப்பாட்டினதெண்டு எழுதிவிடுறன்."

"நிறுத்தினேன்னு எழுதினா எடுத்தேன்னுதானே சிஸ்டர் அர்த்தம்? எதுக்கு எடுத்தேன்னு அடுத்த கேள்வி வரும்." அவர் கையெடுத்துக் கும்பிடவில்லை, ஆனால் கை அந்த இடம் வரை வந்து நின்றது. "நீங்க தமிழா இருக்கப்போய்த்தான் வாயைத் திறந்தேன். வேற யாராவது உட்கார்ந்திருந்தா இல்லைன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்."

குமுதினி யோசித்தாள். இந்த மாதிரிச் சின்ன உபகாரங்கள் அவளுக்குப் புதிதில்லை. தமிழில் கேட்டவனுக்கு அப்பாயின்ட்மென்ட்டை முன்னால் தள்ளிக் கொடுத்திருக்கிறாள். துபாய் சத்வாவில் தையல் கடை வைத்திருக்கிற ஒருவருக்கு, டாக்டர் எழுதிய லீவை ஒரு நாள் கூட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். எல்லா மொழிக்காரர்களும் தங்கள் ஆட்களுக்குச் செய்வதுதான். இதில் ஆபத்து எங்கே? மருந்தை நிறுத்தியாகிவிட்டது. நாளும் கடந்துவிட்டது. மறைக்கப்போவது பழைய கதையைத்தான்.

ஊசி போடப்போகிற டாக்டர் ஆலியாவிடம் வாய்மொழியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, 'இல்லை' என்பதில் டிக் அடித்தாள்.

ஆனால் அன்று ஆலியாவுக்குப் பதினொரு பேஷண்டுகள். "அச்சா, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், யல்லா," என்று கையுறையை மாற்றியபடியே இருந்தார் அந்த ஹைதராபாத்காரர். ஊசிக்கு முன்னால் எல்லோரும் ஒரு நிமிஷம் நின்று பட்டியலை வாசிக்க வேண்டும் என்பது முறை. ஆலியா சத்தமாகக் கேட்டார்: "பிளட் தின்னர்?"

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மேஜையில் குப்புறப் படுத்திருந்த சிவசங்கரனின் காதுமடல் சிவந்ததைக் குமுதினி பார்த்தாள்.

"நோ, டாக்டர்," என்றாள்.

பதினொன்றரைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பும்போது, வசந்தகுமாரியிடம் தாளைக் கொடுத்துச் சொல்லியும் அனுப்பினாள்: "ரெண்டு மூண்டு மணித்தியாலம் கால் விறைச்ச மாதிரி இருக்கும் அக்கா. பயப்பிடாதேங்கோ."

அந்த வாக்கை நம்பித்தான் அந்த அம்மாள் ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி வரை பயப்படாமல் உட்கார்ந்திருந்தாள்.

*

டாக்டர் ஃபவாஸ் கோழிக்கோட்டுக்காரர். கோயம்புத்தூரில் படித்தவர். நரம்பியல் அறுவை சிகிச்சையில் அந்த ஆஸ்பத்திரியின் தலை அவர்தான். வந்ததும் ஒரு பேச்சில்லை. சட்டையைக் கத்தரித்தார். ஊசி முனையால் சிவசங்கரனின் பாதத்தில் குத்தினார்.

"இது தெரியுதா?"

"எது டாக்டர்?"

முழங்காலில் குத்தினார். தொடையில் குத்தினார். தொப்புளுக்கு ஒரு விரல் மேலே வந்தபோதுதான் சிவசங்கரன் முகம் சுளித்தார்.

"கடைசியா யூரின் எப்போ போனீங்க?"

சிவசங்கரன் மனைவியைப் பார்த்தார். அவள் சொன்னாள்: "இங்கேருந்து கிளம்பறப்போ டாக்டர். அப்புறம் போகலை."

ஃபவாஸ் கீழே குனிந்தபடியே கேட்டார்: "ரத்தம் இளக்கற மருந்து ஏதாவது?"

"இல்லை டாக்டர்," என்றார் சிவசங்கரன். கண் மட்டும் குமுதினியின் பக்கம் ஒரு தடவை வந்து போனது.

"உடனே எம்.ஆர்.ஐ. நடங்க, நடங்க."

ஸ்ட்ரெச்சர் காரிடாரில் ஓடியது. குமுதினியும் கூடவே ஓடினாள். எம்.ஆர்.ஐ. அறை வாசலில், டெக்னீஷியன் கதவைத் திறக்கப் போன இடைவெளியில் அவர் காதருகே குனிந்தாள்.

"அண்ணை, சொல்லுங்கோ. குளிசை எடுத்ததைச் சொல்லுங்கோ."

"மூணு நாளாச்சே சிஸ்டர். அதனால இருக்காது."

"அதை அவர் சொல்லட்டும்."

"சொன்னா நீங்க மாட்டிக்குவீங்க. நீங்கதானே டிக் பண்ணீங்க?" வலியில் பல்லைக் கடித்தார். "நான் விழுந்தாச்சு. உங்களையும் எதுக்குப் பிடிச்சு இழுக்கணும்?"

கதவு மூடிக்கொண்டது. உள்ளே எந்திரம் தட்டத் தொடங்கியது.

குமுதினி சுவரில் சாய்ந்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கு வரிசையாகத் தெரியும். விசாரணை. லைசன்ஸ் நிறுத்தம். வேலை போனால் முப்பது நாளோ அறுபது நாளோ, அவ்வளவுதான் விசா. மகள் கஜந்தினி பத்தாம் வகுப்பு. அவளுடைய விசா குமுதினியின் விசாவில் தொங்குகிறது. கணவன் தாரகன் மஸ்கட்டில், ரூவியில் ஒரு கடையின் ஸ்டோர்கீப்பர். குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்கிற விசா இல்லை அவனுக்கு. பன்னிரண்டு வருஷத்தை ஒரு டிக்குக்காகச் சுருட்டிக் கட்ட வேண்டும்.

சொல்லாவிட்டால்? அந்த மனிதனே சொல்ல வேண்டாம் என்கிறான். மருந்து நின்று மூன்று நாள். அபூர்வமாக, மருந்தே எடுக்காதவர்களுக்குக்கூட இப்படி ரத்தம் கசிவதுண்டு. யாரும் கேட்கப் போவதில்லை.

எந்திரம் தட்டிக்கொண்டே இருந்தது. இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷமும் அவள் சுவரை விட்டு நகரவில்லை, வாயையும் திறக்கவில்லை. பின்னாளில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்த டிக் அல்ல, இந்த இருபத்தைந்து நிமிஷம்தான்.

திரையில் படம் வந்தது. ஃபவாஸ் பேனாவால் காட்டினார். இடுப்பிலிருந்து நடு முதுகு வரை, தண்டுவடத்தை ஒட்டி ஒரு நீளமான கறுப்பு அட்டைப்பூச்சி மாதிரி ரத்தக்கட்டி. அது அழுத்திய அழுத்தில் தண்டுவடம் நூலாக இளைத்திருந்தது.

"இவ்வளவு ரத்தமா?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். "ஒரு ஊசிக்கு இவ்வளவு வராதே. ஆலியாவுக்கு போன் போடு. பேஷண்ட் ஏதோ எடுத்திருக்கணும்."

குமுதினி வாயைத் திறந்தாள். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வந்தன.

"டொக்டர், அவர் ரத்தம் இளக்கிற குளிசை எடுக்கிறவர். மூண்டு வருசமா. காலமை என்னட்டைச் சொன்னவர். நான்தான் இல்லையெண்டு டிக் அடிச்சனான்."

ஃபவாஸ் திரும்பினார். அறையில் இருந்த டெக்னீஷியனும் திரும்பினான்.

"சிஸ்டரே," என்றார் ஃபவாஸ், ரொம்பவும் மெதுவாக. "இதைச் சொல்ல ஒரு மணி நேரமா?"

ஃபவாஸ் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"சரி. அதெல்லாம் அப்புறம். கடைசி மாத்திரை எப்போ?"

"ஞாயிற்றுக்கிழமை காலமை. மூண்டு நாளைக்கு முன்னம் நிப்பாட்டினவர்."

ஃபவாஸ் விறுவிறுவென்று ஸ்ட்ரெச்சருக்கு வந்தார். வசந்தகுமாரி கணவனின் தலைமாட்டில் நின்றிருந்தாள்.

"சார், இனி ஒளிச்சு விளையாட நேரமில்லை. கடைசி மாத்திரை எப்போ?"

சிவசங்கரன் குமுதினியைப் பார்த்தார். கோபமில்லை அதில், போட்டு உடைச்சிட்டீங்களா என்பது போல ஒரு அலுப்பு. "ஞாயித்துக்கிழமை காலையில, எட்டு மணிக்கு. அதோட தொடலை டாக்டர். என் பொண்ணு மேல சத்தியம்."

"நீங்க சொல்லுங்கம்மா. ஞாயித்துக்கிழமைதானா?"

வசந்தகுமாரியின் உதடு அசைந்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"அவளை எதுக்கு டாக்டர் கேட்கறீங்க? மாத்திரை முழுங்கறது நானா அவளா?" என்றார் சிவசங்கரன்.

"அவர் சொல்றதுதான் டாக்டர்," என்றாள் வசந்தகுமாரி.

ஃபவாஸ் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டார். குமுதினியிடம் நடந்தபடியே பேசினார். ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் தியேட்டர் லிஃப்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"ரத்தத்துல மருந்து இருக்கான்னு பார்க்க சாம்பிள் அனுப்பறேன். ரிசல்ட் வர ஒன்றரை மணி நேரம். தண்டுவடம் அவ்வளவு நேரம் காத்திருக்காது. இன்னிக்கு எடுத்திருந்தார்னா முறிமருந்து ஏத்தாம நான் கத்தியைத் தொட மாட்டேன். திறந்தா அடைக்க முடியாம ரத்தம் கொட்டும். மூணு நாள்னா தைரியமாப் போவேன். போறேன்."

லிஃப்ட் கதவு திறந்தது. வசந்தகுமாரி ஸ்ட்ரெச்சரின் கம்பியை எட்டிப் பிடித்தாள்.

"டாக்டர்..."

"என்னம்மா?"

"குமாரி, விடு," என்றார் சிவசங்கரன். "அவ பயந்துட்டா டாக்டர். நீங்க போங்க."

கம்பியிலிருந்து அவள் விரல்களை வார்டு பாய் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். லிஃப்ட் மூடிக்கொண்டது. மணி ஐந்து.

*

தியேட்டருக்கு வெளியே நாலு நாற்காலிகள். ஏசி பற்களைக் கிட்ட வைத்தது. குமுதினி கஜந்தினிக்கு போன் செய்து, வர நேரமாகும், ஃபிரிட்ஜில் புட்டு இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு என்றாள். "ஓகே அம்மா, லவ் யூ," என்று வைத்துவிட்டது பிள்ளை.

வசந்தகுமாரி உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தாள். ஒரு தடவை நேராக தியேட்டர் கதவு வரை போய், சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"சிஸ்டர், உள்ளே டாக்டர்கிட்ட ஒரு நிமிஷம் பேச முடியுமா?"

"இப்ப ஏலாது அக்கா. கத்தி வச்சிட்டினம். முடிய வருவார்."

வசந்தகுமாரி பொத்தென்று உட்கார்ந்தாள். அதன்பிறகு கதவு வரை போகவில்லை.

ஆறு மணிக்கு நர்சிங் சூப்பர்வைசர் ஷியாமளா வந்தாள். பாலக்காட்டுத் தமிழச்சி. ஏழு வருஷம் குமுதினியோடு ஒரே டேபிளில் சாப்பிட்டவள். கையில் சம்பவ அறிக்கைப் பாரம்.

"எழுதிக் குடுத்துடு குமுதினி. நீயே எழுதினா ஒரு மாதிரி. நாங்க எழுதினா வேற மாதிரி."

"எழுதுறன் அக்கா."

"உனக்குப் பைத்தியமாடி? யாரோ ஒரு ஆளு, அப்பனா அண்ணனா? தமிழ் பேசினான்னு..." ஷியாமளா பாரத்தை அவள் மடியில் வைத்தாள். "சரி, எழுது. நாளைக்கு டூட்டிக்கு வர வேண்டாம். அட்மின்ல கூப்பிடுவாங்க."

குமுதினி நாற்காலிக் கைப்பிடியில் தாளை வைத்து எழுதினாள். பேஷண்ட் மருந்து விவரத்தை என்னிடம் தெரிவித்தார். நான் பதிவு செய்யவில்லை. டாக்டருக்கும் தெரிவிக்கவில்லை. மூன்றே வரி. ஷியாமளா தாளை வாங்கிக்கொண்டு, அவள் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள்.

"உங்க வேலைக்கு ஆபத்தா சிஸ்டர்?" என்றாள் வசந்தகுமாரி.

"அது போயிட்டுது அக்கா. அதை விடுங்கோ. அவருக்குக் கால் வந்தால் காணும்."

பிறகு வசந்தகுமாரி யாருக்கோ சொல்வது போல் பேசத் தொடங்கினாள்.

"இவருக்கு ஒரு அண்ணன் இருந்தார். பாலமுரளி. இதே வியாதி, இதே மாத்திரை. போன வருஷம் பல்லு பிடுங்கறதுக்காக நிறுத்தச் சொன்னாங்க. ரெண்டே நாளுதான் நிறுத்தினார். மூணாம் நாள் காலையில பேப்பர் படிச்சிட்டிருந்தவர் அப்படியே கோணிக்கிட்டுச் சாஞ்சார். பதினாறு நாள் கண்ணைத் திறந்து வச்சிக்கிட்டுக் கிடந்தார் சிஸ்டர். மனுஷாளைத் தெரியலை. நானும் இவரும்தான் ஆஸ்பத்திரியில இருந்தோம். வாய் துடைச்சு விட்டது நான்."

"அது அபூர்வமா நடக்கிறது அக்கா."

"எங்க வீட்டுல நடந்துதே."

குமுதினி பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தாள்.

"இவர் ஞாயித்துக்கிழமை ராத்திரி சொல்றார், குமாரி, மூணு நாளைக்கு மாத்திரை கிடையாதுன்னு. சண்டை போட்டேன். ஊசி வேண்டாம், வலியோடயே இருங்கன்னேன். நீ டாக்டருக்குப் படிச்சியான்னு கேட்டார். இருபத்தி ஆறு வருஷத்துல எது சொன்னாலும் அந்த ஒரு கேள்விதான்."

எட்டு மணிக்குச் சிவப்பு விளக்கு அணைந்தது.

ஃபவாஸ் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. பச்சை உடையின் முன்பக்கம் முழங்கால் வரை கறுப்பாக நனைந்திருந்தது. இருவரும் எழுந்தார்கள்.

"உயிரோட இருக்கார்," என்றார் அவர். "அது வரைக்கும் சொல்றேன்."

வசந்தகுமாரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டியை எடுத்தேன். எடுக்க எடுக்க ஊறுது. எங்கேன்னு பார்த்துக் கட்டறது? எல்லா இடத்துலேயும் கசியுது. பாதியில பிரஷர் இறங்கிடுச்சு. பஞ்சு வச்சு அடைச்சுட்டு நிறுத்தினோம். அப்பத்தான் லேப்லேர்ந்து போன் வருது." அவர் குமுதினியை நேராகப் பார்த்தார். "மருந்து ரத்தத்துல நிறைய இருக்கு சிஸ்டரே. மூணு நாள் முன்னாடி நிறுத்தின ஆளுக்கு இருக்கற அளவு இல்லை. இன்னிக்குக் காலையில முழுங்கின ஆளுக்கு இருக்கற அளவு. முறிமருந்து தருவிச்சு ஏத்தி, மறுபடி திறந்து, மறுபடி எடுத்து... ரெண்டு மணி நேரம் அதிகமா அந்தத் தண்டுவடம் நசுங்கிக் கிடந்தது."

"கால் டொக்டர்?"

ஃபவாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார்.

"அதிசயம் நடக்காதுன்னு நான் சொல்றதில்லை. ஆனா வீல்சேருக்கு ஏற்பாடு பண்ணச் சொல்வேன். யூரினுக்கு ட்யூப். அது ஆயுசுக்கும்." குமுதினியின் பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொல்லியிருந்தா முறிமருந்தோடதான் தொடங்கியிருப்பேன். காலையிலேயே சொல்லியிருந்தா ஊசியே கிடையாது. சிஸ்டரே, நீங்க யாருக்காக உங்க லைசன்ஸைத் தூக்கிக் குடுத்தீங்களோ, அந்த ஆளு உங்ககிட்டயே பொய் சொல்லியிருக்கார். மயக்கம் தெளியட்டும். நான் கேட்கறேன்."

அவர் போய்விட்டார். காரிடாரில் அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்து அடங்கியது.

இவ்வளவு நேரம் இல்லாத கோபம் இப்போது குமுதினிக்குக் காலிலிருந்து தலை வரை ஏறியது. பெண் மேல் சத்தியம் செய்தானே! கும்பிடப் போன அந்தக் கை! கணக்கு சரியா என்று சிரித்துக்கொண்டே கேட்டானே! விரலை மடக்கி நாள் எண்ணி, அவளும் சரி என்று தலையாட்டினாளே! இதற்காகவா கஜந்தினியைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்த வேண்டும்?

"அக்கா," என்றாள். "உங்கட மனுசன் இப்பிடிச் செய்யலாமோ? நான் அவரை அண்ணையெண்டு கூப்பிட்டனான். மூண்டு நாளாத் தொடேல்லையெண்டு என்ர முகத்தைப் பார்த்துச் சொன்னவர். காலமை குளிசையைப் போட்டுட்டு வந்து, என்னைக் கொண்டு பொய் எழுதுவிச்சுப்போட்டார். அவர் கண் முழிக்கட்டும். ஏன் பொய் சொன்னனீங்களெண்டு நானே கேக்கிறன்."

வசந்தகுமாரி தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"அவரைக் கேட்காதீங்க சிஸ்டர், அவருக்குத் தெரியாது. மூணு நாளும் காலையில அதைப் பொடிச்சு அவர் கஞ்சியில கலந்து குடுத்தது நான்."